பார்த்தவர் எத்தனை, ஆடியவர் எத்தனை: நேரலைக் கணக்கும் வீடியோ கேம்களின் வெற்றியும்

ஒரு வீடியோ கேம் வெற்றி பெற்றதா என்பதைத் தீர்மானிக்கத் தேவையான கணக்குகளில் பெரும்பாலானவை அதை வெளியிட்ட நிறுவனத்தின் உள்ளேயே தங்கிவிடுகின்றன. எத்தனை பிரதிகள் விற்றன, வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் மாதமும் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஆட்டத்துக்குள் உடைகளுக்கும் ஆயுதங்களுக்கும் எவ்வளவு செலவிட்டார்கள், தயாரிப்புச் செலவு திரும்பக் கிடைத்ததா என்பவற்றை நிறுவனங்கள் தமக்குச் சாதகமான நாளில், சாதகமான அளவில் மட்டுமே வெளியில் சொல்கின்றன. ஆனால் நேரலைத் தளங்களில் ஒரு கேமை இந்த நிமிடம் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண் எவர் கண்ணிலும் படும்படி திரையிலேயே இருக்கிறது. எளிதில் கிடைக்கும் எண்ணுக்கு அதன் தகுதிக்கு மீறிய மதிப்புக் கிடைப்பது எல்லாத் துறைகளிலும் நடப்பதுதான். ஒரு கேம் எழுகிறதா விழுகிறதா என்பதை நேரலைப் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்தே முடிவுகட்டும் வழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

தொலைக்காட்சித் தொடரை டிஆர்பி புள்ளியால் அளப்பதோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஆயினும் தொடர் என்பது பார்ப்பதற்காகவே எடுக்கப்படுவது. ஆகவே பார்த்தவர் எண்ணிக்கை அதன் பயனையே அளக்கிறது. வீடியோ கேம் ஆடுவதற்காக உருவாக்கப்படுவது. ஒருவர் ஆட மற்றவர் பார்ப்பது வேறொரு செயல். 'வேடிக்கை பார்த்தல்' என்ற தமிழ் வழக்கு அதைச் சரியாகவே குறிக்கிறது. வேடிக்கை பார்த்த கூட்டத்தின் அளவைக் கொண்டு ஆட்டத்தின் வெற்றியைச் சொல்ல முடியுமா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி. பார்த்து முடித்தவரிடம் தானும் ஆட வேண்டும் என்ற பசி மிஞ்சுகிறதா, அல்லது பார்த்ததிலேயே அந்தப் பசி தீர்ந்துவிடுகிறதா என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது என்பதும், எண்ணிக்கை மட்டும் அதைச் சொல்லிவிடாது என்பதும் கீழ்வரும் எடுத்துக்காட்டுகளிலிருந்து புலப்படும்.

முதலில் அந்த எண் எதை எண்ணுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இத்துறையின் முதன்மைத் தளமான ட்விட்ச், 2007இல் தொடங்கிய ஜஸ்டின்.டிவி என்ற நேரலைத் தளத்தின் கேம் பிரிவாகப் பிறந்து, 2011 ஜூனில் தனித் தளமாகி, 2014 ஆகஸ்டில் ஏறத்தாழ 97 கோடி டாலருக்கு அமேசானின் கைக்குப் போனது. தான் ஆடும் திரையையும் தன் முகத்தையும் ஒருசேர ஒளிபரப்புபவர் 'ஸ்ட்ரீமர்' எனப்படுகிறார். ஒரு கணத்தில் பார்த்துக்கொண்டிருப்போரின் தொகை 'ஒரே நேரப் பார்வையாளர்' எண்ணிக்கை. பார்த்தவர் அனைவரும் செலவிட்ட நேரத்தின் மொத்தக் கூட்டுத்தொகை 'பார்வை நேரம்'. ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு அரை மணி நேரம் மட்டும் திரளும் பெருங்கூட்டம் முதல் எண்ணை வானளவு உயர்த்தும். ஆண்டு முழுவதும் சிறு கூட்டம் விடாமல் பார்க்கும் கேமின் வலு இரண்டாவதில்தான் தெரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் 'இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள்' என்று எழுதும் செய்திகளால் குழப்பமே மிஞ்சுகிறது.

எண்ணப்படுபவர் அனைவரும் மனிதர்களும் அல்லர். பார்வையாளர் போல நடிக்கும் நிரல்களான 'பாட்'களை விலைக்கு விற்கும் தொழில் இத்தளங்களின் நிழலிலேயே வளர்ந்தது. அவ்வாறு விற்ற ஏழு பேர் மீது 2016 ஜூனில் ட்விட்ச் அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. எண்ணிக்கைக்கு நாட்டு எல்லையும் உண்டு. சீனாவின் ஹூயா, டோயு தளங்களில் பார்வையாளர் தொகையாகத் தோன்றும் எண், பல காரணிகளைக் கலந்து தளமே கணக்கிட்டுக் காட்டும் ஒரு பிரபலக் குறியீடு மட்டுமே. தென்கொரியாவில் இணைய வலையமைப்புக் கட்டணம் தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்துவிட்டதாகக் கூறி ட்விட்ச் 2024 பிப்ரவரி 27 அன்று வெளியேறியது. அங்கிருந்த பார்வையாளர்கள் சிஜிஜிக், ஆப்ரிகாடிவி போன்ற உள்நாட்டுத் தளங்களுக்கு மாறினார்கள். கொரியர்கள் பெரிதும் விரும்பும் ஒரு கேமின் ட்விட்ச் எண்ணிக்கை அதன் பின் சரிந்திருந்தால், அதற்கு அந்தக் கேமைப் பொறுப்பாக்க முடியாது.

இந்த எண் எவ்வளவு தடம் புரளக்கூடும் என்பதை 'ஆர்ட்டிஃபேக்ட்' என்ற கேமின் கதையைப் போல் வேறெதுவும் காட்டுவதில்லை. ஸ்டீம் என்னும் கேம் விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், தன் புகழ்பெற்ற 'டோட்டா 2' கேமின் உலகத்தை அடியொற்றி உருவாக்கிய சீட்டாட்டக் கேம் இது. 'மேஜிக்: த கேதரிங்' என்ற சீட்டாட்டத்தை 1993இல் படைத்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் இதை வடிவமைத்தார். 2017 ஆகஸ்டில் டோட்டா போட்டி அரங்கில் இதை அறிவித்தபோதே கூடியிருந்த ரசிகர்களிடமிருந்து ஏமாற்றப் பெருமூச்சு எழுந்தது. 2018 நவம்பர் 28 அன்று 20 டாலர் விலையில் வெளிவந்தது; அதற்கு மேலும் சீட்டுக் கட்டுகளைப் பணம் கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. முதல் நாளில் ஸ்டீமில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 60,000 பேர் ஆடினார்கள். ஆறு மாதங்களுக்குள் அது சில நூறாகக் குறைந்தது.

நேரலையில் அதைப் பார்ப்பவரின் நிலையிலிருந்து இந்தக் கேமை எண்ணிப் பார்ப்பது பயனுள்ளது. ஆட்டம் மூன்று தனித்தனிக் களங்களில் நடக்கிறது. ஒவ்வொன்றிலும் வீரர்கள், உயிர்ப்புள்ளிகள், செலவிடக்கூடிய ஆற்றல் எனத் தனிக் கணக்கு உண்டு. திரை ஒரு களத்தை நெருங்கிக் காட்டும்போது மற்ற இரண்டும் கண்ணிலிருந்து நழுவிவிடுகின்றன. முதல் களத்தில் ஸ்ட்ரீமர் வேண்டுமென்றே தோற்பது மூன்றாம் களத்தில் வெல்வதற்காக என்பதை, ஆட்ட விதிகளை ஏற்கெனவே கரைத்துக் குடித்தவரால் மட்டுமே உணர முடியும். நடுவில் வந்து எட்டிப் பார்ப்பவருக்கு எண்கள் மாறுவது மட்டுமே தெரியும். ஆடுபவருக்குச் சுவை தரும் அதே சிக்கல் பார்ப்பவருக்குச் சுவராகிறது. ஆகவே நேரலையில் அது தோற்றதை வைத்து அதன் வடிவமைப்பு மட்டம் என்று சொல்லிவிட முடியாது. அதை மூழ்கடித்ததில் விலைமுறைக்கும் பெரும் பங்கு உண்டு.

அதன் பின் நடந்ததே இன்னும் கவனிக்கத்தக்கது. ட்விட்சில் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பிரிவு உண்டு. எந்தப் பிரிவில் ஒளிபரப்புவது என்பதை ஸ்ட்ரீமரே தேர்ந்தெடுக்கிறார். ஆர்ட்டிஃபேக்ட் பிரிவு ஆளரவமற்றுக் கிடந்ததைக் கண்ட சிலர் 2019 மே மாத இறுதியில் அதற்குள் புகுந்து, கேமோடு தொடர்பே இல்லாதவற்றை ஒளிபரப்பத் தொடங்கினார்கள். வேடிக்கையாகத் தொடங்கியது விரைவிலேயே திருட்டுத் திரைப்படங்களுக்கும், ஆபாசக் காட்சிகளுக்கும், அதே ஆண்டு மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் நடந்த படுகொலையின் காணொளிக்கும் இறங்கியது. ட்விட்ச் புதிய கணக்குகளின் ஒளிபரப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, ஜூனில் அடையாளம் தெரியாத அந்த நபர்கள் மீது வழக்கும் தொடுத்தது. அந்த நாட்களில் ஆர்ட்டிஃபேக்ட் பிரிவின் பார்வையாளர் எண்ணிக்கை ஏறியது. ஆடுவதற்கோ கிட்டத்தட்ட ஆளில்லை. பலகையில் எழுதியிருப்பது ஒன்றும் கடைக்குள் இருப்பது வேறொன்றுமாக இருந்தாலும், எண்ணும் கருவி பலகையை மட்டுமே படிக்கிறது. 2021 மார்ச்சில் வால்வ் இந்தக் கேமின் மேம்பாட்டை முற்றாகக் கைவிட்டு அதை இலவசமாக்கியது.

எண்ணிக்கையை நிறுவனமே உற்பத்தி செய்வதும் உண்டு. ரயட் கேம்ஸ் நிறுவனம் தன் 'வேலரன்ட்' கேமின் மூடிய சோதனைப் பதிப்பை, அதாவது அழைப்புப் பெற்றவர் மட்டுமே ஆடக்கூடிய முன்னோட்டத்தை, 2020 ஏப்ரல் 7 அன்று தொடங்கியது. அழைப்பு வேண்டுமென்றால் ட்விட்சில் அந்தக் கேமின் நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குள் சிலருக்கு அது 'டிராப்' என்ற பரிசாக விழும். முதல் நாளிலேயே ஒரே நேரப் பார்வையாளர் 17 லட்சத்தை எட்டியதாகவும், பார்வை நேரம் 3.4 கோடி மணி என்றும் நிறுவனம் அறிவித்தது. அந்த 3.4 கோடியை 24ஆல் வகுத்தால், நாளின் எந்த மணியை எடுத்தாலும் சராசரியாக 14 லட்சம் திரைகளில் அந்தக் கேம் ஓடிக்கொண்டிருந்தது என்று ஆகிறது. அந்தத் திரைகளில் எத்தனைக்கு முன்னால் ஆள் அமர்ந்திருந்தார் என்பதே கேள்வி. ஒலியை அணைத்து வேறொரு வேலையைப் பார்த்தபடி திரையை மட்டும் திறந்துவைத்தவர்கள் ஏராளம். ஸ்ட்ரீமர்கள் சிலர் தூங்கும் நேரத்தில் பழைய பதிவை ஓடவிட்டுக் கூட்டத்தைப் பிடித்துவைத்தார்கள்.

பிரிட்டன் பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து, பின்னாளில் பிறர் சுருக்கிச் சொன்ன வடிவில், இங்கு பொருந்துகிறது: ஓர் அளவை இலக்காக மாறும்போது அது நல்ல அளவையாக இருக்கும் தகுதியை இழக்கிறது. வேலரன்ட் பின்னர் உண்மையிலேயே நிலைத்தது. 2021இல் மாதந்தோறும் சராசரியாக 1.4 கோடிப் பேர் ஆடுவதாக ரயட் அறிவித்தது. ஆனால் அந்த நிலைபேற்றுக்குச் சான்று ஓராண்டுக்குப் பின் வந்த இந்த எண்தான். ஏப்ரல் 7இன் எண் அழைப்புக்கு இருந்த தட்டுப்பாட்டை மட்டுமே அளந்தது. முன்னறிவிப்பே இன்றி 2019 பிப்ரவரி 4 அன்று வெளிவந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' கேமை நேரலையில் ஆடிக் காட்ட நின்ஜா என்ற ஸ்ட்ரீமருக்கு மட்டும் 10 லட்சம் டாலர் தரப்பட்டதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. அந்தக் கேமும் ஒரே மாதத்தில் 5 கோடி ஆட்டக்காரர்களைப் பெற்றது. விலைக்கு வாங்கிய கூட்டம் என்பதாலேயே கேம் மோசமாகிவிடாது. கூட்டத்தைச் சான்றாகக் காட்டும் உரிமை மட்டும் போய்விடுகிறது.

எதிர்த்திசையிலும் இந்த அளவை தவறுகிறது. நிண்டெண்டோவின் 'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' 6 கோடிப் பிரதிகளுக்கு மேலும், 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' 4 கோடிக்கு மேலும் விற்றவை, நேரலைப் பட்டியலின் உச்சியில் இவற்றைத் தேடினால் கிடைப்பதில்லை. 2012இல் வந்த 'கேண்டி கிரஷ் சாகா' தன் வாழ்நாளில் 2,000 கோடி டாலர் வருவாய் ஈட்டியதாக 2023இல் அறிவிக்கப்பட்டது. பேருந்தில் நின்றபடியும் மருத்துவரின் வாசலில் காத்திருந்தபடியும் ஆடப்படும் அந்தக் கேமை மற்றவர் ஆட உட்கார்ந்து பார்க்க எவரும் வருவதில்லை. நவி மும்பையில் உருவான 'லூடோ கிங்' 2020 ஊரடங்கில் இந்திய வீடுகளில் பரவிய விதமும் இத்தகையது: தாயக்கட்டம் தெரிந்த குடும்பங்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து கைப்பேசியில் கூடி ஆடின, அந்தக் கூடுகையே அதன் சுவை, அதில் வெளியாருக்கு இடமில்லை. நேரலை எண்ணை அளவுகோலாகக் கொள்பவர் பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும் பெருமளவில் ஆடும் ஒரு பெரும் பரப்பையே கணக்கிலிருந்து விட்டுவிடுகிறார். இது வெறும் புள்ளியியல் பிழையாக நின்றுவிடாமல், எவருடைய ஆட்டம் மதிக்கத்தக்கது என்ற தீர்ப்பாகவும் மாறிவிடுகிறது.

இனிப் பசி தீர்ந்துபோகும் இடத்துக்கு வரலாம். 'தட் டிராகன், கேன்சர்' என்ற கேம் 2016 ஜனவரியில் வெளிவந்தது. புற்றுநோயோடு போராடி 2014இல் இறந்த தங்கள் சிறுவன் ஜோயலின் வாழ்வை ரயன் கிரீன், ஏமி கிரீன் தம்பதியர் சிறு குழுவோடு சேர்ந்து கேமாக்கினார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் முடியும் அதில் வெல்லவோ தோற்கவோ எதுவுமில்லை. மருத்துவமனை அறையில் அழும் குழந்தையை ஆற்ற ஆட்டக்காரர் என்ன செய்து பார்த்தாலும் அழுகை ஓய்வதில்லை, அந்தக் கையறுநிலையே அங்கு ஆட்டம். யூடியூபில் பலர் இதைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஆடிப் பதிவிட்டார்கள். அவற்றை லட்சக்கணக்கானோர் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். அவை நேரலையாக அன்றிப் பெரிதும் பதிவுகளாக இருந்தாலும், பார்த்தல் ஆடுதலின் இடத்தைப் பிடிக்கும் விதம் ஒன்றே. 2016 மார்ச்சில் ரயன் கிரீன் வெளிப்படையாக எழுதினார்: பார்வைகள் பத்து லட்சத்தைத் தாண்டியும், விற்பனையிலிருந்து தயாரிப்புக் குழுவுக்கு அதுவரை ஒரு டாலர்கூட வந்து சேரவில்லை. பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் ஒரு டாலர் அன்பளிப்பு அளித்திருந்தாலும் தொடர்ந்து பணியாற்றியிருக்க முடியும் என்றும் அவர் குறிப்பிட்டார். அதைப் பார்த்தவர்கள் தவறு செய்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அந்தக் கேம் முழுமையாகவே போய்ச் சேர்ந்துவிட்டது, திரும்பிப் போய் வாங்குவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. பெரும் பார்வை எண்ணிக்கையும் ஒரு சிறு குழுவின் பணமுடையும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை இதைவிட வலியோடு காட்டும் எடுத்துக்காட்டு இத்துறையில் அரிது.

கதையை நம்பி நிற்கும் கேம்களைத் தயாரிப்போர் இதை அறிந்தே இருக்கிறார்கள். ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் 2017 ஏப்ரலில் 'பெர்சோனா 5' கேமை உலகெங்கும் வெளியிட்டபோது, கதையில் வரும் ஜூலை 7ஆம் தேதிக்குப் பின்னுள்ள எதையும் ஒளிபரப்பக் கூடாது என்று எச்சரித்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழ, அதே மாத இறுதிக்குள் அந்த எல்லையைக் கதையின் நவம்பர் 19 வரை நகர்த்தியது. 2023இல் ஜப்பானிய நீதிமன்றம் ஒன்று, 'ஸ்டைன்ஸ்;கேட்' தொடரின் ஒரு கேமை முடிவு வரை ஆடிக் காட்டிப் பணம் ஈட்டிய ஒருவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையும் அபராதமும் விதித்தது. தண்டனை கடுமையானதா என்பது தனி விவாதம். நேரலைக் கூட்டம் எப்போதுமே இலவச விளம்பரம் என்ற கூற்று இவ்வகைக் கேம்களுக்குப் பொருந்தாது என்பதில் ஐயமில்லை.

பசியைக் கிளப்பிவிடும் கேம்களின் அமைப்பு முற்றிலும் வேறு. 'அமங் அஸ்' 2018 ஜூனில் மூன்று பேர் மட்டுமே கொண்ட இன்னர்ஸ்லாத் குழுவிடமிருந்து கைப்பேசிக்கு வந்தது. தொடக்கத்தில் அதைச் சீந்துவாரில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, முதலில் கொரிய, பிரேசில் ஸ்ட்ரீமர்களும், 2020 ஜூலையில் சோடாபாப்பின் என்ற அமெரிக்க ஸ்ட்ரீமரும் ஆடத் தொடங்க, செப்டம்பருக்குள் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆடினார்கள். விண்கலத்தில் பத்துப் பேர் பணி செய்கிறார்கள். அவர்களுக்குள் ஓரிருவர் கொலையாளிகள். பிணம் கண்டெடுக்கப்பட்டதும் எல்லோரும் கூடிப் பேசி, சந்தேகத்துக்குரியவரை வாக்களித்து வெளியேற்ற வேண்டும். ஸ்ட்ரீமர் கொலையாளி என்பது பார்வையாளருக்குத் தெரியும், அவருடன் ஆடுவோருக்குத் தெரியாது. நண்பரின் முகத்துக்கு நேராக அவர் கூசாமல் பொய் சொல்வதையும், குரல் இலேசாக நடுங்குவதையும், குற்றமற்ற ஒருவர் வெளியே தள்ளப்படுவதையும் பார்ப்பவர், தன் நண்பர்களிடம் தன்னால் இப்படிப் பொய் சொல்ல முடியுமா என்று எண்ணாமல் இருக்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ள ஆடித்தான் ஆக வேண்டும். ஒரு நேரலையில் கண்ட ஆட்டம் மறுநாள் இன்னொருவர் ஆடப்போகும் ஆட்டத்தைக் கெடுப்பதில்லை, ஏனெனில் கதையை எழுதுபவர்கள் ஒவ்வொரு முறையும் புதிய பத்துப் பேர். கைப்பேசியில் இலவசம், கணினியில் 5 டாலர் என்பதால் ஆசைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே தடையும் குறைவு. இரண்டாம் பாகத்தை உருவாக்கப்போவதாக அறிவித்திருந்த குழு, 2020 செப்டம்பரில் அதைக் கைவிட்டு முதல் கேமையே வளர்க்க முடிவெடுத்தது.

பார்க்கப்படுவது தயாரிப்பாளர் விற்ற பொருளே அன்று என்ற விசித்திரமும் நேர்கிறது. 2013இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' எட்டு வயதில், 2021இல், ட்விட்சில் மிக அதிகம் பார்க்கப்பட்டவற்றின் முன்வரிசையில் நின்றது. லட்சக்கணக்கானோர் பார்த்தது 'நோபிக்சல்' என்ற தனியார் சர்வரில் நடந்த பாத்திர நடிப்பை: ஒருவர் காவலர், ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் கடத்தல்காரர் என்று வேடம் ஏற்று மாதக்கணக்கில் வாழும் தொடர் நாடகம் அது. அங்கு நுழையத் தனி அனுமதி வேண்டும். ஒரே நேரத்தில் சில நூறு பேருக்கு மட்டுமே இடம். அந்த நாடகத்தைச் சாத்தியமாக்கிய 'ஃபைவ்எம்' என்ற மாற்றுநிரலை உருவாக்கியவர்களை ராக்ஸ்டார் நிறுவனம் 2015இல் தடைசெய்திருந்தது. 2023 ஆகஸ்டில் அதே குழுவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கூட்டம் யாருடையது என்ற கேள்விக்குப் பணமே கொடுத்து எழுதப்பட்ட விடையாக அதைக் கொள்ளலாம்.

வெளியீட்டு நாள் எண்ணிக்கை பெரும்பாலும் எதிர்பார்ப்பின் அளவே. 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பர் 10 அன்று வந்தபோது ட்விட்சில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் பார்த்தார்கள்; எட்டாவது நாள், பழுதுகள் மலிந்திருந்ததால் சோனி அதைத் தன் கடையிலிருந்தே நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி பழுதுகளைக் காணவே வந்தது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

அப்படியானால் நேரலைக் கணக்கைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், வேண்டியதில்லை. மொத்தத் தொகையைவிட அதன் உள்ளமைப்பைப் படிக்க வேண்டும். 50,000 பேர் பார்க்கும் கேமில் 40,000 பேர் ஒரே ஸ்ட்ரீமரிடம் குவிந்திருந்தால் அந்தக் கூட்டம் அவருடையது. நாளை அவர் வேறு கேமுக்கு மாறினால் அதுவும் எழுந்து போய்விடும். ட்விட்சில் மிகுதியாகப் பார்க்கப்படும் பிரிவு, கேம் எதுவும் ஆடாமல் ஸ்ட்ரீமர் பார்வையாளர்களோடு பேசிக்கொண்டிருக்கும் 'ஜஸ்ட் சாட்டிங்' என்பது இதற்கு வலுவான சான்று. இதற்கு மாறாக, ஐந்து பேர், பத்துப் பேர் மட்டுமே பார்க்கும் சிறு சேனல்கள் ஆயிரக்கணக்கில் ஒரு கேமை ஒளிபரப்பினால், அந்த ஆயிரக்கணக்கானோரும் கேமை வைத்திருப்பவர்கள், பணமோ புகழோ வராத நிலையிலும் ஆடிக்கொண்டிருப்பவர்கள். பார்ப்பவர்களைவிட ஒளிபரப்புபவர்களின் எண்ணிக்கையே கேமின் உயிர்த்துடிப்புக்கு அருகில் இருக்கிறது. பரிசும் கட்டணமும் நின்ற பின் மூன்றாம், நான்காம் மாதங்களில் அந்த எண்ணிக்கை எவ்வளவு குறையாமல் நிற்கிறது என்பது இன்னும் அருகில் இருக்கிறது. சிறு குழுக்களுக்கு முதலீடு செய்வோர் முதல் வார உச்ச எண்ணை மட்டும் கேட்டு முடிவெடுப்பது, நல்ல கேம்களைப் பிறக்கும் முன்பே கொன்றுவிடும்.

இந்தப் பகுப்பாய்வு முழுவதும் பார்ப்பவர் வேறு, ஆடுபவர் வேறு என்ற பிரிவினை மீது நிற்கிறது. அந்தக் கோடும் ஒருமுறை அழிந்திருக்கிறது. 2014 பிப்ரவரி 12 அன்று ஆஸ்திரேலிய நிரலாளர் ஒருவர், 1996இல் ஜப்பானில் வெளிவந்த 'போக்கிமான் ரெட்' கேமை ட்விட்சில் ஓடவிட்டு, பார்ப்பவர்கள் அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்யும் மேலே, கீழே, இடது, வலது என்ற சொற்களையே ஆட்டக் கட்டளைகளாக மாற்றினார். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கட்டளையிட, நாயகன் ஒரு படி முன்னால் வைத்து இரண்டு படி பின்வாங்கினான், சுவரில் முட்டினான், சிறு மேட்டின் விளிம்பிலிருந்து மீண்டும் மீண்டும் விழுந்தான். பதினாறு நாட்கள் கழித்து, மார்ச் 1 அன்று, அந்தக் கூட்டம் கேமை முடித்துவிட்டது. கட்டளையிட்டவர்கள் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஓடியது ஒரே ஒரு பிரதி.